அண்ணியின் நொதி, என் கொழுப்பு

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்குத்தான் அசிங்கம். ஒரு பத்திரிகை ஆசிரியர் அறிவியல் சிறப்பிதழுக்கு ஒரு கதை கேட்டார். எனக்கு அறிவியல் தெரியாது. ஆனால் என் அண்ணிக்குத் தெரியும். அண்ணி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், கேட்டால் பேசுவார். "எழுதிடலாம் சார், கைவசம் ஒரு விஷயம் இருக்கு" என்றேன். கைவசம் இருந்தது அண்ணி மட்டும்தான்.

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவள். என் தொடர்களில் நாத்தனார் என்றால் வில்லி. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பாள். அண்ணியின் பாலில் எதையாவது கலப்பாள். அப்போது கேமரா அவள் முகத்தை நெருங்கி, விலகி, மறுபடியும் நெருங்கும். இப்படி வருடக்கணக்கில் நாத்தனார்களை வைத்துச் சோறு தின்ற நானும் ஒரு நாத்தனார்தான். வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி, நான். அண்ணன் இந்தக் கதையில் இனி தலைகாட்டமாட்டான். அவன் நல்லவன், கதைக்கு உதவமாட்டான்.

அண்ணி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறார். ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் மூக்குக்கு நேரே மடிக்கணினியை நீட்டினார்.

"மாமா, இங்க பாருங்க. உள்ள உக்காந்திருக்கு."

அப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நீல நிறத்தில் கம்பி வலை மாதிரி ஒன்று. அதற்குள் மஞ்சள் குச்சிகளை ஒட்டவைத்த மாதிரி இன்னொன்று.

"எதும்மா உக்காந்திருக்கு?"

"எங்க மருந்து. அந்த நொதியோட வாய்க்குள்ள."

"கடிச்சிடாதே?"

அண்ணி அன்று சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கு நொதி கிடைத்தது. எனக்கு அவர் கிடைத்தார்.

2

தொடக்கம் ஒன்று: "வெள்ளை அங்கி அணிந்த அந்தப் பெண் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தபோது அவள் விழிகளில் ஒரு—"

[நிறுத்தியாயிற்று. வெள்ளை அங்கிக்கு மேல் அண்ணி அண்ணனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறார். படிகம் வளர்க்கிற அறை அப்படிக் குளிருமாம். முழங்கையில் ஓட்டை. ஓட்டை ஸ்வெட்டருக்கு மேலே விழிகளில் எதையும் மின்னவைக்க எனக்கு வரவில்லை.]

தொடக்கம் இரண்டு: "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. அந்தக் கிருமியின் உயிர்நிலை ஒரு பூட்டுக்குள்—"

[அண்ணி சொன்னது: "பூட்டு இரும்பு. இது நெளியும். சாவி வர்றதுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருக்கும், வந்தப்புறம் வேற மாதிரி இருக்கும். அப்படி ஒரு பூட்ட நீ பாத்திருக்கியா?" பார்த்ததில்லை.]

தொடக்கம் மூன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது: "எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமி தன் மாமனாரை வாரிக்கொண்டு போன அந்த நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சபதம் செய்தாள்: இந்தக் கிருமியின் வம்சத்தையே வேரோடு—"

இதைச் சாப்பாட்டு மேஜையில் அண்ணியிடம் கொடுத்தேன். அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். பிறகு தலையைத் தூக்கி எதிரே பார்த்தார்.

"மாமா, நீங்க செத்துட்டீங்க."

அப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "எப்போ?"

"முதல் பாராவிலேயே."

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "ஏம்மா, நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"அதுக்கில்லப்பா. அண்ணி ஏன் இந்த ஆராய்ச்சில இறங்கினாங்கன்னு படிக்கிறவங்களுக்கு ஒரு காரணம் வேணும். மனசப் பிழியற மாதிரி."

"நிஜக் காரணம் என்னவாம்?" என்று அப்பா மருமகளைக் கேட்டார்.

"வேலை காலியா இருந்துச்சு மாமா. சேர்ந்தேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு."

"அதையே எழுதவேண்டியதுதானே? அதுக்கு என்னை எதுக்குக் கொல்லணும்? உனக்குக் கொழுப்பும்மா, வேற ஒண்ணுமில்ல."

கவனியுங்கள்: 'கொழுப்பு' என்று சொல்லி, கதையின் பொருளை முதலில் தொட்டவர் அப்பாதான். நான் இன்னும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

3

இப்போது போகிறேன். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட நினைப்பவர்கள் போகலாம். ஆனால் பின்னால் அண்ணி ஏன் படியில் உட்கார்ந்தார் என்று என்னைக் கேட்கக்கூடாது.

பாக்டீரியாவின் உடம்பைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அது கொழுப்பால் ஆனது. பாக்டீரியா பெருக வேண்டுமென்றால் சவ்வும் பெருக வேண்டும், அதற்குக் கொழுப்பு அமிலங்கள் வேண்டும். கொழுப்பு அமிலம் என்பது ஒரு சங்கிலி. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக நீளும். அந்த இரண்டைப் பழைய சங்கிலியோடு கோத்துவிடுவது அண்ணியின் நொதி செய்கிற வேலை.*

* நம் உடம்பும் கொழுப்பு செய்கிறது. நம்மிடம் எல்லா வேலையும் ஒரே பெரிய இயந்திரத்துக்குள் நடக்கிறது. பாக்டீரியாவிடம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள். அதனால் நம்மைத் தொடாமல் அதன் ஆளை மட்டும் பிடிக்கலாம் என்பது நம்பிக்கை. இந்த அடிக்குறிப்பை அண்ணி சரிபார்த்துவிட்டார். ஆகவே கதையில் நீங்கள் முழுசாக நம்பக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

நொதி பார்க்க எப்படி இருக்கும்? ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குறுகலான சுரங்கம். சுரங்கத்தின் அடியில் ஒரு கந்தக அணு. சங்கிலியைப் பிடித்துக்கொள்வது அதுதான். பக்கத்தில் கதவு மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. கந்தகம் எதையாவது பிடித்தபிறகுதான் அந்தக் கதவு விலகும். அண்ணியின் மருந்துக்குத் தடுப்பான் என்று பேர். அது நல்ல பிள்ளை மாதிரி உள்ளே போகும், கதவு விலகிய இடத்தில் உட்காரும், அப்புறம் எழுந்திருக்காது. 'கிளம்பட்டுமா' என்று நாலு தடவை கேட்டுவிட்டு நகராமல் இருக்கிற விருந்தாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் "சதிகார நொதி" என்று எழுதியிருந்தேன். அண்ணி அடித்துவிட்டார். "சதியெல்லாம் ஒண்ணுமில்ல. அது பாட்டுக்கு வேலை பாத்துட்டு இருக்கு. நாமதான் உள்ள போய் உக்காந்துட்டோம்."

வில்லன் இல்லாத கதையை எப்படி எழுதுவது? எனக்குச் சொல்லித்தந்தவர்கள் யாரும் இல்லை.

4

படிகம் வளர்ப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பாதி புரியாமல் எழுதியதால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான். நொதியும் ஒரு புரதம்தான்; அதைச் சுத்தம் செய்து குட்டிச் சொட்டுகளாக வைத்து, மூடி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் வராது, அல்லது சேறு மாதிரி ஏதாவது வரும். பல மாதம் சேற்றைப் பார்த்தபிறகு ஒரு சொட்டின் ஓரத்தில், கண்ணாடிச் சில்லு மாதிரி ஒன்று வந்தது. அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, தெறித்த புள்ளிகளைக் கணக்குப் போட்டு வந்த படம்தான் அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டப்பட்டது.

படம் சரி. பாக்டீரியா வளர்கிற திரவத்தில் தடுப்பானைக் கலந்தால் வளர்ச்சி நின்றது, அதுவும் சரி. கட்டுரை தயார். ஒரு மருந்து கம்பெனி வாரம் தவறாமல் போன் செய்து நலம் விசாரித்தது. அண்ணியின் ஆய்வுக்குழுத் தலைவரை அங்கே படிக்கிற பிள்ளைகள் 'பெரிய சார்' என்பார்கள். அவர் தலைப்பில் 'புதிய மருந்து' என்ற சொல்லைச் சேர்த்தார்.

அண்ணிக்கு மட்டும் ஓர் அரிப்பு. அந்தத் திரவத்தில் கொழுப்பு கிடையாது. நம் ரத்தத்தில் உண்டு. சில பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்ளும் என்று உலகத்தில் ஒரு கட்சியும், அதெல்லாம் பெரிசாகப் பாதிக்காது என்று இன்னொரு கட்சியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நம்முடைய கிருமி எந்தக் கட்சி என்று பார்த்துவிடலாமே என்று, ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கிற சீரத்தைக் கலந்து, குட்டிக் குழிகள் கொண்ட தட்டில் அதே சோதனையை மறுபடி செய்தார். பாக்டீரியா வளர்ந்தால் குழி கலங்கும்.

முடிவு தெரிந்த நாளில் நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே வராமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"வளந்திருக்கு."

"எது?"

"எல்லாம். மருந்து போட்ட குழி, போடாத குழி, வித்தியாசமே இல்ல. தட்டு பூரா கலங்கிக் கிடக்கு."

"அப்போ மருந்து வேலை செய்யலையா?"

"செய்யுது. அதான் கொடுமை. நொதியப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு. அடுப்ப அணைச்சிட்டோம். அது கடையில வாங்கிச் சாப்பிடுது."

(இந்த இடத்தில் ஒரு நல்ல நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். நான் 'ஆஹா, திருப்பம்' என்று நினைத்தேன். தண்ணீர் அதற்கு அப்புறம்தான்.)

5

"அவள் மேஜையில் ஓங்கி அறைந்தாள். 'உண்மையை நீங்க புதைக்கலாம் சார், ஆனா—' கோப்புகள் காற்றில் பறந்தன. பெரிய சாரின் உதட்டில் விஷமச் சிரிப்பு—"

[விட்டுவிட்டேன். அங்கே கோப்புகளே இல்லையாம்.]

நடந்ததைத் துணி மடித்துக்கொண்டே அண்ணி சொன்னார். பெரிய சார்தான் அவரை அந்த நிலையத்துக்கு அழைத்துவந்தவர். படிகம் வராத காலத்தில் மேலிடம் கேள்வி கேட்டபோதெல்லாம் "வரும், வரும்" என்று குறுக்கே நின்றவரும் அவர்தான். அன்று அவர் சொன்னது இது: "படம் பொய்யா? இல்ல. அளவு பொய்யா? இல்ல. சீரத்த அடுத்த கட்டுரைல வச்சுக்கலாம். எல்லாத்தையும் ஏன் ஒரே மூட்டையா கட்டணும்?"

"தலைப்புல மருந்துன்னு போடறோம் சார். ரத்தத்துல பலிக்காதுன்னு நமக்குத் தெரியும்."

"தெரியுமா, சந்தேகமா?"

"தெரியும். திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாச்சு."

அவர், "அப்போ நீயே அனுப்பு. என் பேர எடுத்துடு" என்றாராம்.

"கோபமா சொன்னாரா?" எனக்கு வசனம் முக்கியம்.

"இல்ல. ஏசி அதிகமா இருக்கான்னு கேட்டாரு. குறைச்சாரு. அப்புறம் சொன்னாரு." அண்ணி ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன்."

சீரத்தையும் சேர்த்து, அவர் பெயர் இல்லாமல் கட்டுரை போனது. பெரிய இதழ் திருப்பி அனுப்பியது. படம் அருமை, ஆனால் பலிக்காத தடுப்பானுக்கு இவ்வளவு பக்கம் எதற்கு என்றார்கள். கம்பெனி நலம் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டது. அண்ணியிடம் இருந்த இரண்டு மாணவிகள் வேறு குழுவுக்கு மாறினார்கள். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி நல்ல நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணியின் இடம் ஜன்னலோரத்திலிருந்து கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மாறியது.

6

இந்தப் பகுதியை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் அடுத்த பகுதியில் நாங்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று புரியாது.

ஆசிரியர் அவசரப்படுத்தினார். சோகமாக முடிந்தால் சிறப்பிதழ் எடுபடாது என்றார். நான் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். சீரம் கலந்த தட்டை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். எல்லாக் குழிகளும் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கின்றன. பெரிய சார் கண் கலங்குகிறார். அச்சிடும்போது இயந்திரத்தில் தாள் மாட்டிக்கொண்டது. மாட்டிய தாளை இழுத்து எடுத்தவர் அண்ணி.

"இது என்ன?"

"கதைதான் அண்ணி. கதைன்னா கொஞ்சம் அப்படி இப்படி—"

"குழியெல்லாம் தெளிஞ்சிருக்குன்னு எழுதியிருக்க."

"படிக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதல் வேணாமா?"

"எனக்கு வேணாமா?"

அவர் குரல் உயரவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா சத்தத்தைக் குறைத்தார்.

"அன்னிக்கு அந்த அறையில நான் மட்டும்தான் இருந்தேன். தட்டக் குப்பையில போட்டுட்டு, தெளிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் எழுதல. அதனால என்னென்ன போச்சுன்னு நீ பக்கத்துல இருந்து பாத்த. எல்லாத்தையும் பாத்துட்டு, அந்த வரிய நீ எழுதியிருக்க. அதுவும் நான் செஞ்ச மாதிரி."

"பேரு போடலையே அண்ணி."

சொல்லியிருக்கக்கூடாது. அவர் அந்தத் தாளை நான்காக மடித்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கிழிக்கக்கூட இல்லை. என் தொடராக இருந்தால் கிழித்திருப்பார்; எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு கொஞ்ச காலம் எங்களுக்கு நடுவில் அப்பா தபால்காரராக இருந்தார். "உப்பு வேணுமாம்." "உப்பு அங்கதான் இருக்காம்." ஒருநாள் அவருக்கே அலுத்துப்போய், "ரெண்டு பேரும் என்னைப் பழையபடி கொன்னே போட்டுடுங்க" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று, அண்ணி போனில் என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா என்று கேட்டேன். பேசவில்லை. வில்லி வேலைக்குக்கூட நான் லாயக்கில்லை.

7

பொய்ப் பக்கங்களைத் தூக்கி எறிந்தேன். அந்த நாளை நடந்தபடி எழுதினேன். படி, மடியில் பை, "வளந்திருக்கு". கடைசி வரியாக 'அண்ணி தோற்றார்' என்று போட்டு, அவர் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். காலையில் அது என் அறை வாசலில் கிடந்தது. கடைசி வரிக்குக் கீழே அண்ணியின் கோழிக்கிறுக்கல்: 'யார் தோத்தது? கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது.'

நான் 'பதில் வந்தது' என்று மாற்றினேன். வசனமாகப் பார்த்தால் சப்பென்றிருக்கிறது. எந்த நடிகையும் பேச ஒப்புக்கொள்ளமாட்டாள். ஆனாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணியின் கட்டுரையைக் கடைசியில் ஒரு சின்ன இதழ் வாங்கிக்கொண்டது. படமும் சீரமும் ஒரே மூட்டையாக. அன்று எங்களுக்குள் பேச்சு திரும்பியது. சிறப்பிதழும் தள்ளிப்போயிருந்தது; நான் கதைக்கு மூன்று முடிவுகளை நீட்டினேன்.

(அ) மேடை, விருது, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அண்ணி: "எதுக்கு விருது? பலிக்கலைன்னா?"

(ஆ) நொதியே பேசுவது போல ஒரு பகுதி: 'நான் சுரங்கம். என்னுள் ஒருவன் அமர்ந்தான்—' அண்ணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எடுத்துவிட்டேன்.

(இ) பெரிய சாருக்கு அதே கிருமி தொற்றி, ஆஸ்பத்திரியில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு— அண்ணி: "அடுத்து அவரா?"

பிறகு அவரே சொன்னார். "நான் இப்போ வேற ஒண்ணு பாக்கறேன். இன்னொரு வகை பாக்டீரியா. அதுக்கு வெளிப்பக்கம் இன்னொரு உறை உண்டு. அந்த உறைக்கு ஒரு தனிக் கொழுப்பு வேணும், அது நம்ம ரத்தத்துல கிடையாது. வீட்டுலதான் செஞ்சாகணும். அதுக்கும் இதே நொதி வேணும்."

"கடையில கிடைக்காது!"

"கிடைக்காதுன்னு நினைக்கறேன். ஆனா அதுக்குள்ள மருந்து நுழையறதே கஷ்டம். நுழைஞ்சாலும் வெளிய தள்ளிடும். தடுப்பானக் கொஞ்சம் மாத்திருக்கேன். சீரத்தோடயே போட்டுப் பாக்கப்போறேன், இந்தத் தடவை முதல்லயே."

"நானும் வரட்டுமா?"

"வா. ஆனா அறைக்குள்ள வரக்கூடாது. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கை ஆடும்."

8

ஆராய்ச்சி நிலையத்தில் நீளமான நடைபாதை. ஒரு பக்கம் தீயணைப்புக் குடுவை, எதிரே காலாவதியான அறிவிப்புகள் நிறைந்த பலகை. அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் ஒரு கதைக்குள் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

கையில் காகிதக் கோப்பையோடு ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், மேல்பொத்தான் வரை போட்ட சட்டை. என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பினார்.

"யாரப் பாக்கணும்?"

"அண்ணிக்காக நிக்கறேன் சார்." கதவைக் காட்டினேன்.

"ஓ." கதவைப் பார்த்தார். "இன்னிக்கா பாக்கறாங்க?"

அவர்தான் பெரிய சார் என்று அப்போது புரிந்தது. நான் எழுதிவைத்திருந்த விஷமச் சிரிப்பு அவரிடம் இல்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்கிக்கொண்டிருந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, எப்போதோ முடிந்துபோன கருத்தரங்கு ஒன்றின் அழைப்பை மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

கதவு திறந்தது. கையுறை போட்ட கையில் தட்டோடு அண்ணி. முதலில் அவர் கண்ணில் பட்டது பெரிய சார்தான். ஒரு கணம் தயங்கி, பிறகு தட்டை அவர் பக்கமே நீட்டினார். கையுறை இல்லாததால் அவர் வாங்கவில்லை. குனிந்து, ஜன்னல் வெளிச்சம் படும்படி அண்ணியின் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, வரிசை வரிசையாகப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"மறுபடியும் போடு" என்றார்.

"போட்டுட்டுதான் வெளிய வந்தேன் சார்."

அவர் தலையை ஆட்டினார். காபி ஆறிப்போன கோப்பையோடு நடைபாதையில் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "அண்ணி, நான் பாத்தத எழுதலாமா?"

"மூணு தடவை வரட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"நாளைக்குக் கதைய அனுப்பணும்."

"அனுப்பு. யாரு வேணாம்னது?"

அங்கிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்தேன். முடிவு எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக்கூடாது என்றேன். அவர் உற்சாகமாகிவிட்டார். "பிரமாதம்! முடிவ வாசகர்களே தீர்மானிக்கட்டும்னு போட்டுடலாம். இப்பல்லாம் அதான் பேஷன்."

அண்ணிக்குக் கேட்டுவிட்டது. "அவங்க தீர்மானிச்சா பாக்டீரியா கேக்குமா?"

கேட்காது. ஆனாலும் என்னிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. தெளிந்திருந்ததா, கலங்கியிருந்ததா, பாதிப் பாதியா, நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும் என்பதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை கம்பியில் இடித்தது. அவருக்குத் தெரியவில்லை. நான் என் கையை நடுவில் கொடுத்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நான் எழுப்பவில்லை.